நாலாம் நம்பர் குதிர்

மூன்றாம் நாள் காலையிலிருந்தே வண்டிக்குள் சண்டைதான். சண்டை ரோட்டைப் பற்றியது. வரைபடத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஆற்றைச் சுற்றிப் போகிற மேற்கு ரோட்டில்தான் போகவேண்டும் என்று மேஸ்திரி ஒற்றைக்காலில் நின்றார். அதில் போனால் நூற்றிருபது கிலோமீட்டர் கூடுதல். நேர் ரோடு இருக்கும்போது எதற்கு ஊரைச் சுற்றவேண்டும் என்று அவர் மனைவி கேட்டதற்கு, நேர் ரோடு குண்டும் குழியுமாக இருக்கும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அறுவடைக் காலம், மெஷின்கள் வழியை மறிக்கும் என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, பெரியவர்கள் சொன்னால் கேட்கவேண்டும் என்றார்.

"நானும் பெரியவதான்," என்று சொல்லிவிட்டு மனைவி வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வண்டி முன்னொரு காலத்தில் ரொட்டி வேன். மேஸ்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருஷம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து அதை வீடாக்கினார். மடக்குக் கட்டில், இரட்டை அடுப்பு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, கதவுக்குப் பின்னால் கைகழுவும் தொட்டி. மனைவி லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கை காய்த்துப்போன தையல்காரி. மெத்தை உறையும் திரைச்சீலையும் வாசலில் இழுத்துக் கட்டுகிற பந்தலும் அவள் மிஷினில் தைத்தவை. படுத்தால் லாரியில் சரக்கோடு சரக்காகப் போகிற மாதிரி இருக்கிறது என்று அவளுடைய தம்பி மகள் கிண்டல் செய்வாள்.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவள் அந்தத் தம்பி மகள்தான். முப்பத்திரண்டு வயது. டவுன் பஸ் ஓட்டுநர். மேஸ்திரிக்குக் கண்ணில் புரை எடுத்திருந்ததால் பத்து நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். மேஸ்திரிக்கும் தையல்காரிக்கும் குழந்தை இல்லை. இவள் இரண்டு வயதிலிருந்து அவர்கள் வீட்டில் வளர்ந்தவள். இவளுடைய அம்மா, கணவன் செத்த மறுவருஷமே வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு கண்காணாத தூரத்துக்குப் போய்விட்டாள். பிள்ளையைக் கேட்கவும் இல்லை, அத்தை கொடுக்கவும் இல்லை.

அப்பாவைப் பற்றி இவளுக்குத் தெரிந்தது கொஞ்சம். ஊரில் எல்லோரும் அவரைக் குருவி என்பார்கள். எவ்வளவு உயரமானாலும் பிடிமானமே இல்லாத இடத்திலும் ஏறிவிடுவார். தானியக் கிடங்கில் இரும்புக் குதிர்களைச் சுத்தம் செய்கிற வேலை. மாமாவுக்கு, அதாவது மேஸ்திரிக்கு, கீழேதான் வேலை பார்த்தார். ஒருநாள் குடித்துவிட்டுக் குதிருக்குள் இறங்கி, மக்காச்சோளத்தில் மூழ்கிச் செத்துப்போனார். அவ்வளவுதான். சின்ன வயதில் அவள் அதற்கு மேல் கேட்டால் அத்தைக்கு முகம் சிவந்துவிடும். "குடிச்சிட்டு ஏறினான், போய்ச் சேர்ந்தான். உன்னையும் நினைக்கல, என்னையும் நினைக்கல. அவன் பேச்ச எடுக்காத," என்பாள். பதினைந்து வயதில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போய்விட்டு நேரம் கழித்து வந்தபோது, அத்தை வாசலிலேயே நிறுத்தி வாயை ஊதச் சொன்னாள். தம்பி மகள் இன்றுவரை ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனாலும் டெப்போவில் தினமும் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் குடித்திருக்கிறார்களா என்று பார்க்கிற கருவியில் ஊதச் சொல்லும்போது, பச்சை விளக்கு எரிகிறவரை அவள் அதிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

மேஸ்திரி சொன்னபடியே மேற்கு ரோட்டில்தான் போனார்கள். ஆனால் நாற்பது கிலோமீட்டரில் பாலத்து வேலை. சிவப்புக் கொடி வைத்திருந்தவன் கையைக் காட்டிக் கிழக்கே திருப்பிவிட்டான். அது நேர் ரோட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மேஸ்திரி வரைபடத்தை மடித்துக் கதவு இடுக்கில் செருகிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

இருபுறமும் கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளம். காய்ந்து வெளுத்த தட்டைகள். வயலுக்குள் வீடு நகர்வதைப்போல அறுவடை மெஷின்கள் போய்க்கொண்டிருந்தன. பக்கத்திலேயே டிராக்டர், அதன் பெட்டிக்குள் மெஷினின் குழாயிலிருந்து மஞ்சளாகத் தானியம் கொட்டிக்கொண்டே வந்தது. இரண்டும் நிற்காமல் ஒரே வேகத்தில் ஓடவேண்டும், இல்லையென்றால் தானியம் தரையில் போகும். தம்பி மகள் அந்த டிராக்டர்காரர்களைப் பார்த்து மெச்சிக்கொண்டாள். காற்றெல்லாம் உமித் தூசி. ஜன்னலை மூடினால் வெக்கை, திறந்தால் தும்மல். முன்னால் ஒரு மெஷின் ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்ததில் ஒரு மணி நேரம் இரண்டாவது கியரிலேயே போகவேண்டியதாயிற்று. இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் மெதுவாகச் சிவப்புக்கு ஏறியது.

அப்போதுதான் அந்தப் பலகை வந்தது. தானியக் கிடங்கு அருங்காட்சியகம். வீட்டு வண்டிகளுக்கு நிழல், தண்ணீர், மின்சாரம் உண்டு. அதற்குப் பின்னால் ஆறு இரும்புக் குதிர்கள், ஒவ்வொன்றும் நூறடி உயரம், வெயிலில் கண் கூசும்படி நின்றன.

"நிறுத்தாத, போயிடலாம்," என்றார் மேஸ்திரி.

"மாமா, முள்ளப் பாருங்க. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போனா இன்ஜின் உக்காந்துரும்," என்று சொல்லிக்கொண்டே அவள் திருப்பிவிட்டாள்.

தையல்காரி குதிர்களைப் பார்த்தபடியே இருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு முன் இங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில்தான் அவர்கள் வீடு. அப்போது இந்த நேர் ரோடு கிடையாது, அதனால் இந்த இடம் வழியில் வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. தம்பி செத்த அடுத்த மாதமே கணவருக்கு மேஸ்திரி வேலை உயர்வு வந்து, வேறு ஊர்க் கிடங்குக்கு மாற்றலாகிப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இதற்காகத்தான் மனுஷன் காலையிலிருந்து ரோட்டை மாற்றச் சொல்லிப் போராடியிருக்கிறார், எனக்கும் பிள்ளைக்கும் மனசு கஷ்டப்படக்கூடாது என்றுதான் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டாள். சண்டை போட்டதற்கு வெட்கமாக இருந்தது. வண்டி நின்றதும் பந்தலை இழுத்துக் கட்டி, மடக்கு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்து, அடுப்பைப் பற்றவைத்து முதல் டம்ளர் டீயை அவர் கையில் கொடுத்தாள்.

"வந்தது வந்துட்டோம். இவளுக்கு அவ அப்பன் வேலை பாத்த இடத்தக் காட்டிட்டு வந்துடறேன்," என்றாள்.

வேண்டாம், பழசைக் கிளறாதே என்றார் மேஸ்திரி. முழங்கால் வலிக்கிறது, சீக்கிரம் கிளம்பலாம் என்றார். அவர் உட்காரட்டும், தாங்கள் மட்டும் போய்விட்டு வருவதாகச் சொல்லி இருவரும் போனார்கள். அவர் இன்னொரு முறை ஏதோ சொன்னார். இவர்கள் காதில் விழவில்லை.

பழைய எடை மேடைக் கட்டடத்தைத்தான் அருங்காட்சியகமாக ஆக்கியிருந்தார்கள். வாசலில் மேஜை போட்டு ஒரு பொறுப்பாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சாவிக்கொத்து, எதிரில் ஒரு சின்ன மின்விசிறி. உள்ளே சாக்குத் தைக்கிற ஊசிகள், தானியத்தைக் குத்தி எடுத்து ஈரம் பார்க்கிற குழல்கள், பல்லுப்போன பெல்ட் சக்கரம். தையல்காரி ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி விளக்கினாள். குதிருக்குள் ஈரம் சேர்ந்தால் தானியம் பாளம் பாளமாகக் கட்டிக்கொள்ளும், கீழே திறந்தாலும் இறங்காது. அப்போது ஓர் ஆள் மேலே ஏறி, இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறங்கி, கம்பியால் குத்தி உடைக்கவேண்டும். அந்த நேரத்தில் அடியில் தானியத்தை இழுத்துப்போகிற பெல்ட் ஓடக்கூடாது. ஓடினால் தானியம் தண்ணீரைப்போல ஆளை உள்ளே இழுத்துவிடும்.

கடைசி அறையின் வாசலில் 'பாதுகாப்பு' என்று எழுதியிருந்தது. சுவரில் தலைக்கவசங்கள், எச்சரிக்கைப் பலகைகள். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு ஒற்றைப் பூட்ஸ் இருந்தது.

தையல்காரி அங்கேயே நின்றுவிட்டாள். பூட்ஸின் பக்கவாட்டில் கிழிசலை நீல நூலால் தைத்திருந்தது. தார்ப்பாய் நூல். குறுக்குத் தையல், முடிச்சை உள்ளே வாங்கி, நடக்கும்போது உறுத்தாத மாதிரி. அது அவள் கை.

பெட்டிக்கு மேலே பெரிய எழுத்தில் 'ஒரு தொழிலாளியின் கவனக்குறைவு' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். குருவியின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். படத்துக்குக் கீழே, பெட்டிக்குள் பூட்ஸுக்குப் பக்கத்தில், மஞ்சளித்துப் போன தாளில் கையால் எழுதிய வாக்குமூலம். தையல்காரி படிக்கிற கண்ணாடியை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். ஆனால் எழுத்து யாருடையது என்று தெரிய அவளுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. அவள் கடைக்குப் போகும்போதெல்லாம் கணவர் அதே கையெழுத்தில்தான் சாமான் பட்டியல் எழுதிக் கொடுப்பார்.

"படி," என்றாள் தம்பி மகளிடம்.

தம்பி மகள் படித்தாள். பஸ்ஸில் நிறுத்தங்களைச் சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள்.

"அன்று அவருக்கு விடுமுறை நாள். யாரும் அழைக்காமல் தானாகவே கிடங்குக்கு வந்தார். காலை ஆறு மணிக்கே மது அருந்தி நிலைதடுமாறிக் காணப்பட்டார். நான் அவரைத் திருப்பி அனுப்பினேன். அதன்பின் எனக்குத் தெரியாமல் நாலாம் நம்பர் குதிரில் ஏறி, கயிறு கட்டாமல் உள்ளே இறங்கியிருக்கிறார். பெல்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இப்படிக்கு, ஷிப்ட் பொறுப்பு." கீழே மாமாவின் கையெழுத்து.

"முதல்ல இருந்து படி."

மறுபடியும் படித்தாள். 'யாரும் அழைக்காமல்' என்ற இடத்தில் அத்தை கையைக் காட்டி நிறுத்தினாள்.

அன்று காலை ஆறு மணிக்குக் குருவி அத்தை வீட்டுக் கூரைமேல் இருந்தான். ஒழுகுகிற தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஏழு மணிக்கு இறங்கி வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டியும் முட்டையும் சாப்பிட உட்கார்ந்தான். தையல்காரிதான் போட்டாள். ஏழரைக்கு மேஸ்திரி சைக்கிளில் வந்தார். இறங்கக்கூட இல்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றபடியே, நாலாம் நம்பர் பாளம் கட்டிவிட்டது, அரைமணி நேர வேலை, வாடா என்று கூப்பிட்டார். குருவி மிச்ச ரொட்டியைக் குழந்தை கையில் திணித்துவிட்டுச் சைக்கிள் கேரியரில் தொற்றிக்கொண்டு போனான். அவள் வாசலில் நின்று பார்த்தாள். பத்து மணிக்குச் சேதி வந்தது.

போன இடத்தில் வேலை தொடங்க நேரமானதென்றும், அதற்குள் லாரிக்காரர்களோடு சேர்ந்து குடித்துவிட்டான் என்றும் மேஸ்திரி அன்று சாயங்காலம் வந்து சொன்னார். உமித் தூசி படிந்த முகத்தோடு அழுதுகொண்டே சொன்னார். அவள் நம்பினாள். ஒரு கல்யாண வீட்டில் குருவி குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்து ஊரே சிரித்திருந்ததால், நம்புவது சுலபமாக இருந்தது. விசாரணை நடந்தது, முடிந்தது. அவளை யாரும் கூப்பிடவில்லை. வாக்குமூலம் என்று ஒன்று இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியாது.

இதையெல்லாம் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று தம்பி மகளிடம் சொன்னாள். தன் மகனோடு வந்திருந்த ஒருவர் இவர்கள் நகர்ந்தால் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். தம்பி மகள் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில், மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேஸ்திரி பந்தலுக்கு அடியில் இல்லை. வண்டியின் முன்மூடியைத் தூக்கிவைத்து, துணியால் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சூடு குறைந்துவிட்டது, உடனே கிளம்பலாம் என்றார். நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டார்.

"அன்னிக்குக் காலையில ஏழரைக்கு நம்ம வீட்டு வாசல்ல சைக்கிள்ல வந்து நின்னது யாரு?" என்று கேட்டாள்.

அவர் குனிந்து துணியை எடுத்தார்.

"கேக்கறேன்ல. யாரு?"

"இப்ப எதுக்கு அது..."

"நீ வந்து கூப்பிட்ட. நான் பாத்தேன். வாடான்னு நீ கூப்பிட்ட."

முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்யத்தில் அவள் அவரை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கத்து வண்டியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே எழுந்து குடித்துவிட்டு வந்தார். முதலில், அதெல்லாம் கம்பெனி எழுதச் சொன்னது, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன் என்றார். அதற்கும் முன்னால் நடந்ததைச் சொல்லும்படி தம்பி மகள் கேட்டாள். சத்தமே போடாமல் கேட்டாள். அவர் அவளைப் பார்க்காமல் ரேடியேட்டரைப் பார்த்துச் சொன்னார்.

"வெளிய இருபத்திரண்டு லாரி நின்னுச்சு. மேனேஜர் என் தோள்மேல கைய வச்சுட்டு நின்னான், இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு நேரம்னு. கயித்த எடுத்துட்டு வர நேரமில்ல. நீ இறங்குடா, பெல்ட்ட நான் பாத்துக்கறேன்னு நான்தான் சொன்னேன். உள்ள குத்தற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நின்னுருச்சு. ரெண்டு தடவை கூப்பிட்டேன். பதில் இல்ல. வெளிய வந்துட்டான்னு நினைச்சேன். சுவிட்சப் போட்டேன்."

"ஏறிப் பாத்தியா?" என்றாள் தையல்காரி.

"நூறடி ஏணி..."

"ஏறிப் பாத்தியா, இல்லையா?"

"பாக்கல."

"அவன் குடிச்சிருந்தானா?"

"இல்ல," என்றார்.

அப்புறம் அவருக்கும் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று கத்தினார். எழுதியிருக்காவிட்டால் ஜெயிலுக்குப் போயிருப்பேன், நீ என்ன செய்திருப்பாய், இந்தக் குழந்தையை யார் வளர்த்திருப்பார்கள், செத்தவன் செத்துவிட்டான், இருக்கிறவர்களைப் பார்க்கவேண்டாமா என்றார். முப்பது வருஷமாக ஒருநாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனா என்றார்.

"நீ தூங்கினத நான் பாத்திருக்கேன்," என்றாள் தையல்காரி. "குறட்டை விட்டுத் தூங்குவ. குழந்தைய இதுல இழுக்காத. அவ அப்பனக் கொன்னதுக்கு நீ ஜெயிலுக்குப் போயிருக்கணும். தெரியாம கொன்ன, சரி. தெரிஞ்சு குடிகாரனாக்கினியே. அதுக்குக் கூலியா மேஸ்திரி வேலை. முப்பது வருஷமா உன்ன மேஸ்திரி மேஸ்திரின்னு கூப்பிடறாங்களே, ஒரு தடவையாவது உனக்குக் காது கூசலையா?"

தம்பி மகள் அவர் முன்னால் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிப்போன மாமா. வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்த மாமா.

"மாமா, பதினோரு வருஷமா தினமும் ஊதறேன். ஒவ்வொரு நாளும், இன்னைக்குச் சிவப்பு எரிஞ்சுருமோன்னு பயம். குடிக்காதவ எதுக்குப் பயப்படறேன்னு எனக்கே தெரியாது. ரத்தத்துலயே இருக்குன்னு நினைச்சேன். இத ஒருநாள், ஒரே ஒருநாள் நீங்க சொல்லியிருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்?"

சொல்லலாம் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், நாளாக ஆகச் சொல்லமுடியாமல் போய்விட்டது என்றார். அவர் அழுதார். தையல்காரிக்கு அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம்தான் ஏறியது. இதே மாதிரிதான் அன்றைக்கும் அழுதார். அவள் வண்டிக்குள் போய்ச் சாமான் பட்டியல் எழுதுகிற நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்து அவர் மடியில் போட்டாள்.

"எழுது."

அவர் எழுதினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் படித்தாள். 'எதிர்பாராத விதமாகத் தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதியிருந்தார். அவள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள்.

"நேர்ந்துருச்சா? தானா நேர்ந்துச்சா? யார் செஞ்சதுன்னு எழுது."

இரண்டாவது தாளில் 'பெல்ட் ஓடவிடப்பட்டது' என்று இருந்தது. அதையும் கிழித்தாள். மூன்றாவதை எழுத அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். வயல் பக்கமிருந்து வந்த உமி அவர் தலையிலும் தாளின் மேலும் விழுந்துகொண்டே இருந்தது. அவர் ஊதி ஊதி எழுதினார். தம்பி மகள் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்று அவர் கை நகர்வதையே பார்த்தாள். நான் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். நான் கயிறு இல்லாமல் இறங்கச் சொன்னேன். நான் ஏறிப் பார்க்கவில்லை. நான் சுவிட்சைப் போட்டேன். அவர் குடித்திருக்கவில்லை. நான் பொய் எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் 'நான்' இருக்கிறதா என்று தையல்காரி விரலை வைத்துப் பார்த்தாள்.

மூவரும் உள்ளே போனார்கள். பொறுப்பாளர் அம்மா தாளைப் படித்துவிட்டு, தன்னால் எதுவும் செய்யமுடியாது, தலைப்பெல்லாம் விசாரணைக் கோப்பைப் பார்த்து மேலிடத்தில் எழுதியது, இதை அனுப்பிவைக்கிறேன், பதில் வர நாளாகும் என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். ஆனால் தையல்காரிக்கு அன்று நல்ல மாதிரிப் பேச்சே பிடிக்கவில்லை.

"அம்மா, பொய்ய மாட்ட ஒரு தாள் போதுமா இருந்துச்சு. எடுக்க எத்தன தாள் வேணும்? எழுதினவரு உங்க எதிர்லயே நிக்கறாரு. கையெழுத்து சரியான்னு நீங்களே பாருங்க."

பொறுப்பாளர் அம்மா தாளைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள் இருந்த வாக்குமூலத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். சுவரில் இருந்த படத்தையும், தம்பி மகளையும் மாறி மாறிப் பார்த்தார். அதே நெற்றி, அதே காது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, 'ஒரு தொழிலாளியின் கவனக்குறைவு' என்ற பலகையை ஆணியிலிருந்து கழற்றி இறக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். மேலிடத்தில் கேட்டால் தான் பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். பெட்டியைத் திறந்து, புதுத் தாளைப் பழையதின் மேலேயே, அது தெரியாதபடி வைத்துப் பெட்டியைப் பூட்டினார். பூட்ஸை மட்டும் கொடுக்கமுடியுமா என்று தம்பி மகள் கேட்டாள். அதற்கு எழுதிக் கேளுங்கள், நானும் எழுதுகிறேன் என்றார்.

வெளியே வந்ததும் மேஸ்திரி வண்டியில் ஏறப் போனார். அதற்குள் தம்பி மகள் முந்திக்கொண்டு உள்ளே போய், அவருடைய பையையும் பிரஷர் மாத்திரை டப்பாவையும் கண்ணுக்கு விடுகிற மருந்தையும் எடுத்து வந்து மடக்கு நாற்காலியில் வைத்தாள்.

"நாலரைக்குக் கேட்டுக்கு வெளிய ஒரு பஸ் வரும். விசாரிச்சுட்டேன். டவுன்ல இறங்கி நம்ம ஊருக்கு மாறிக்கணும். வீட்டுச் சாவி பையில இருக்கு," என்றாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். இது நான் கட்டின வண்டி என்று சொல்ல வாயெடுத்தவர் மாதிரி இருந்தது. சொல்லவில்லை. திரும்பி வந்து பேசிக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார்.

"வந்தா பேசலாம்," என்றாள் தையல்காரி. யார் வந்தால் என்று அவர் கேட்கவில்லை. அவள் பந்தல் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, துணியை மடித்து உள்ளே போட்டாள். அவர் வெயிலில் நின்றார்.

வண்டி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. பத்து கிலோமீட்டர் தாண்டியதும் அத்தைதான் ஆரம்பித்தாள். பாவி, துரோகி, சோறு போட்ட கையை வெட்டிக்கொள்ளவேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். தம்பி மகள் வண்டியைச் சடாரென்று ஓரம் கட்டினாள். பின்னால் அலமாரியில் பாத்திரங்கள் சரிந்து விழுந்தன.

"அவரு ஒரு தடவைதான் எழுதினாரு. நீங்க அத முப்பது வருஷமா எனக்குப் படிச்சுக் காட்டினீங்க," என்றாள்.

தையல்காரி அவள் பக்கம் திரும்பினாள்.

"குடிச்சிட்டு ஏறினான், போய்ச் சேர்ந்தான். அவரு வாயிலேர்ந்து நான் அதக் கேட்டதே இல்ல அத்தை. உங்க வாயிலேர்ந்துதான் கேட்டேன். அன்னிக்கு அவருக்குச் சாப்பாடு போட்டது நீங்க. ஏழரைக்குப் போறப்ப வாயில வாசம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும், பத்து மணிக்கெல்லாம் சேதி வந்துருச்சு. ஒரு நிமிஷம்கூட உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

வந்தது. முதல் வருஷம் வந்தது. கணவரைச் சந்தேகப்படுவதைவிடச் செத்தவன்மேல் கோபப்படுவது லேசாக இருந்தது. அதை அவள் மறைக்காமல் அப்படியே சொன்னாள். மன்னித்துக்கொள் என்று கேட்கவில்லை. கேட்டால் தானும் எதிரில் நின்று அழுகிற ஆளாகிவிடுவோம் என்று தோன்றியது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தார்ப்பாய் ஊசி ஏறி ஏறித் தழும்பேறிய விரல்கள். ரோட்டில் தானிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொன்று கடக்கும்போதும் வண்டி ஒருமுறை ஆடி நின்றது.

"கோவம் போகாது அத்தை. உங்க மேலயும் போகாது. சும்மா சொல்லி வைக்கறேன்."

"போகவேண்டாம்," என்றாள் தையல்காரி.

தம்பி மகள் இறங்கிப் போய் விழுந்த பாத்திரங்களை எடுத்து அடுக்கினாள். அடுக்குகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, கண்ணாடியில் பின்னால் பார்த்து, விளக்கைப் போட்டு, ரோட்டில் ஏறினாள். மூன்றாவது கியர் போட்ட பிறகுதான், முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா சிரிப்பாரா?"

தையல்காரியும் முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"சிரிப்பான். ரொம்பச் சத்தமா. கேட்டா எரிச்சலா இருக்கும்."

"ம்," என்றாள் தம்பி மகள். "மேல சொல்லுங்க."